விலக்கி வைத்த அடிகள்: உலகச் சண்டைக் கலைகள் ஓர் ஒப்பீடு

1976 ஜூன் 26 அன்று தோக்கியோவின் புடோகான் அரங்கில் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். குத்துச்சண்டை சாம்பியனும் மல்லனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற பழைய கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிடும் என்று உலகமே தொலைக்காட்சி முன் காத்திருந்தது. மணி அடித்ததும் இனோகி ஓடிவந்து தரையில் சறுக்கி அலியின் காலை உதைத்தார். அதன் பிறகு 15 சுற்றிலும் பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்தபடியே உதைத்துக்கொண்டிருந்தார். குனிந்து குத்தப்போனால் பிடியில் மாட்டிக்கொள்வோம் என்று அலி கிட்டே நெருங்கவே இல்லை. அவர் வீசிய குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முடிவு சமன். காசு கொடுத்து வந்த கூட்டம் கையில் கிடைத்ததை மேடையை நோக்கி எறிந்தது. அலி ரத்தம் கட்டிய கால்களோடு மருத்துவமனைக்குப் போனார்.

கேலிக்கூத்து என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் இருவரும் புத்தியோடுதான் நடந்துகொண்டார்கள். இனோகியின் வித்தைகள் பலவற்றுக்கு அன்றைய விதிகள் கட்டுப்பாடு போட்டிருந்தன. மிச்சமிருந்த வழி படுத்துக்கொண்டு உதைப்பது. கட்டிப் பிடித்துப் புரளத் தெரியாத அலிக்கு மிச்சமிருந்த வழி எட்ட நிற்பது. அன்று மேடையில் மோதியவை இரண்டு கலைகள் என்பதைவிட, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு விதிமுறைகள் என்பதே சரி.

கராத்தே பெரிதா, குங்ஃபூ பெரிதா, குஸ்தியா, குத்துச்சண்டையா என்ற வாதம் டீக்கடையிலும் யூடியூபிலும் ஓய்வதில்லை. எந்த விதியின் கீழ் என்று கேட்காதவரை அந்த வாதத்துக்கு முடிவும் இல்லை. ஒரு சண்டைக் கலை கற்றுத்தரும் அடிகளைப் போலவே, அது விலக்கி வைத்த அடிகளும் அதன் முகத்தைத் தீர்மானிக்கின்றன. எங்கே தொடக்கூடாது, எது பட்டால் தோல்வி, யார் தீர்ப்புச் சொல்வது, என்ன உடுத்துவது, எவ்வளவு நேரம் என்ற ஐந்தாறு ஏற்பாடுகள் மாறினால் போதும்; மனித உடம்பு நிற்கும் விதமே மாறிவிடுகிறது. உலகக் கலைகள் சிலவற்றை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்க்கலாம்.

முதுகு மண்ணில் பட்டால்

மல்யுத்தம் இல்லாத நாடு அநேகமாகக் கிடையாது. கி.மு. 708இலேயே பண்டைய ஒலிம்பிக்கில் அது இருந்தது. நாட்டுக்கு நாடு மாறுவது, எதைத் தோல்வி என்கிறார்கள் என்பதுதான்.

ஜப்பானின் சுமோவில் 4.55 மீட்டர் விட்டமுள்ள வைக்கோல் வளையத்தை விட்டு வெளியேறினாலோ, பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி மண்ணில் பட்டாலோ கதை முடிந்தது. எடைப் பிரிவு கிடையாது. இப்படி ஒரு விதி இருந்தால் என்ன உடம்பு உருவாகும்? கனத்த, தாழ்ந்த, முதல் மோதலிலேயே ஆளைப் பின்னுக்குத் தள்ளும் உடம்பு. பல ஆட்டங்கள் சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. மங்கோலியாவின் பொஹ் மல்யுத்தத்திலும் எடைப் பிரிவு இல்லை. ஆனால் அங்கே வளையமும் இல்லை. நாதம் திருவிழாவின் திறந்த புல்வெளியில் எவரையும் எல்லைக்கு வெளியே தள்ளி ஜெயிக்க முடியாது. முழங்காலோ முழங்கையோ தரையில் படும்படி வீழ்த்தியாக வேண்டும். அதனால் தள்ளுவதைவிட இழுப்பதும் இடறுவதும் அங்கே வளர்ந்தன. துருக்கியின் கிர்க்பினார் போட்டியில் வீரர்கள் உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள். தோலில் பிடி நிற்காது. ஆகவே அவர்கள் அணியும் கனத்த தோல் கால்சட்டைக்குள் கையை விட்டுப் பிடிப்பது அங்கே முறையான வித்தை. வேறெந்த ஊரிலும் அது அவமரியாதை.

முதுகைப் பற்றி மட்டும் கேட்டுப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரு தோளும் தரையில் அழுந்தினால் தோல்வி. ஜூடோவில் வேகமும் கட்டுப்பாடுமாக எதிராளியை முதுகுபடத் தரையில் எறிந்தாலே இப்போன், அத்தோடு ஆட்டம் முடிந்தது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலோ மல்லாந்து கிடப்பவர் தோற்றவர் இல்லை. இரு கால்களையும் எதிராளியின் இடுப்பில் பின்னிக்கொண்டு, அங்கிருந்தே கையை மடக்கிப் பூட்டுப்போடவும் கழுத்தை நெரிக்கவும் காத்திருப்பவர். அங்கே பெரிய ஆபத்து குப்புறப் படுத்து முதுகைக் கொடுப்பது. முதுகில் ஏறி இரு காலையும் கோத்துவிட்டால் எதிராளிக்கு 4 புள்ளி. குஸ்திக்காரர் பத்து வருடம் பழகிய தற்காப்பு, ஜியு-ஜிட்சு மேடையில் அவரைச் சிக்கவைக்கும் பழக்கமாகிவிடுகிறது.

நம் துணைக்கண்டத்தின் பெரும் பயில்வான் காமாவின் கதையிலும் இது உண்டு. 1910இல் லண்டனில் போலந்து மல்லன் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவை அவர் எதிர்கொண்டார். காமாவின் பலத்தை உணர்ந்துகொண்ட ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துவிட்டார். தோள் தரையில் படாதவரை தோல்வி இல்லை என்பதால், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் விரிப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஆட்டம் சமன் ஆனது. 18 வருடம் கழித்து 1928இல் பாட்டியாலாவில் மண் கோதாவில் இருவரும் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பிஸ்கோவின் முதுகில் மண் ஒட்டியிருந்தது. இன்றைய மல்யுத்தத்தில் செயலற்றுக் கிடப்பவருக்குத் தண்டனை உண்டு. லண்டனில் அந்த விதி இருந்திருந்தால் அன்றே முடிவு தெரிந்திருக்கும்.

கானோவின் கணக்கு

சண்டைக் கலைகளின் வரலாற்றில் மிகக் கூர்மையான ஒரு யோசனை 1882இல் தோக்கியோவில் பிறந்தது. கானோ ஜிகோரோ என்ற இளம் ஆசிரியர், தான் கற்ற பழைய ஜுஜுட்சு மரபுகளிலிருந்து ஆளை முடமாக்கக்கூடிய வித்தைகளைப் போட்டியிலிருந்தும் தினசரிப் பயிற்சியிலிருந்தும் ஒதுக்கினார். மிஞ்சிய எறிதல்களையும் பிடிகளையும் முழு பலத்தோடு, எதிர்க்கும் ஆளின் மேல், தினமும் பழகச் சொன்னார். ராந்தோரி என்ற அந்தப் பயிற்சிதான் ஜூடோவின் உயிர்.

பார்வைக்கு இது கலையைப் பலவீனப்படுத்தும் வேலை. நடைமுறையில் நேர்மாறாக முடிந்தது. கண்ணைக் குத்தும் வித்தையை நண்பன்மேல் யாரும் பழக முடியாது. காற்றில்தான் பழக வேண்டும். எறிதலையோ தினமும் நாற்பது முறை, எதிர்த்து நிற்பவன்மேல் பழகலாம். கொடிய வித்தையைச் சந்தேகத்தோடு வைத்திருப்பவனைவிட, சாதுவான வித்தையை உடம்பில் ஏற்றியவன் மேலே நிற்கிறான். தடை கூடினால் பயிற்சியின் உண்மை கூடுகிறது என்ற இந்த முரண்தான் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை மூன்றுக்கும் பொதுவான பலம். கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதைவிட எதிர்க்கும் ஆளோடு பழகும் கலைகள், பழகாத கலைகள் என்று பிரிப்பது நமக்கு அதிகம் சொல்லும்.

ஆனால் ஒதுக்கியது ஒதுங்கியே போகும் என்ற மறுபக்கமும் உண்டு. கானோவின் பள்ளியான கோடோகானில் பயின்ற வாசிலி ஓஷ்சேப்கோவ் ஜூடோவை ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார். சோவியத் மண்ணின் நாட்டுப்புற மல்யுத்தங்களோடு கலந்து அது சாம்போ ஆனது. 1937இல் ஓஷ்சேப்கோவ் கைதாகிச் சிறையில் இறந்தார். அடுத்த வருடமே சாம்போவுக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. ஒரே வேரில் கிளைத்த இந்த இரண்டு கலைகளும் விதியில் எதிரெதிராக நிற்கின்றன. ஜூடோவில் கழுத்தை நெரிக்கலாம், காலைப் பூட்டக் கூடாது. விளையாட்டுச் சாம்போவில் காலைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கக் கூடாது. இரண்டு தலைமுறைக்குள் ஜூடோக்காரர் தன் குதிகாலைக் காக்க மறந்தார். சாம்போக்காரர் தன் கழுத்துப்பட்டையைக் காக்க மறந்தார்.

2010இல் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு கையால் காலைப் பிடித்து வீழ்த்துவதற்குத் தடை போடத் தொடங்கியது. 2013இல் தடை முழுமையானது. மல்யுத்தம் போல் குனிந்து நடக்கும் ஆட்டத்தைத் தவிர்த்து நிமிர்ந்த ஜூடோவை மீட்பது நோக்கம். ஆட்டம் நிமிரத்தான் செய்தது. கூடவே கானோ காலத்திலிருந்து வந்த சில எறிதல்கள் போட்டியிலிருந்தே காணாமல் போயின.

கையுறை செய்த வேலை

குத்துச்சண்டையில் கையுறை வந்ததும் சண்டை மென்மையானது என்று நினைக்கிறோம். வெறுங்கைக் காலத்தில் ஆட்டத்தின் நடை வேறாக இருந்தது. எதிராளியைத் தூக்கிப் போடலாம். ஒருவர் விழுந்தால் சுற்று முடியும். மண்டை எலும்பில் ஓங்கிக் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்துபவரின் விரல் எலும்பு. ஆகவே தலைக்குக் குத்து வருவது அளவாகவே இருந்தது. 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஆடிய 75 சுற்றுகள், வெறுங்கைப் பெருஎடைப் பட்டத்துக்கான கடைசி மோதல்.

1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, பத்து எண்ணும் வழக்கம், கையுறை ஆகியவற்றைக் கொண்டுவந்தன. கட்டிப் புரள்வதை விலக்கின. கைக்குக் கவசம் கிடைத்ததும் தலை இலக்கானது. விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்தாக வேண்டும் என்றானதும், தலை கிறங்கியவர் அதே சுற்றில் மேலும் அடிவாங்கும் வாய்ப்பும் கூடவே வந்தது. கையுறையால் அதிகப் பாதுகாப்பு பெற்றது குத்துபவரின் கைதான். பிரிட்டிஷார் வழியாக வடசென்னைக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் குத்துச்சண்டைதான். அங்கே அது பரம்பரைகளாகப் பிரிந்து வேரூன்றியதை ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு எல்லோரும் அறிவார்கள்.

இன்னொரு தடை இன்னொரு உடம்பைச் செய்வதற்குக் கியோகுஷின் கராத்தே நல்ல சாட்சி. கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த ஒயாமா மசுதாட்சு உருவாக்கிய இந்த மரபில் கையுறை இல்லை. முழு பலத்தோடு அடிக்கிறார்கள். ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. காலால் தலையை உதைக்கலாம். விளைவு, இருவரும் நெஞ்சோடு நெஞ்சு நெருங்கி நின்று விலாவிலும் தொடையிலும் அடித்துக்கொண்டே, சட்டென்று அந்த நெருக்கத்திலிருந்தே காலைத் தலைக்குத் தூக்குகிறார்கள். குத்துச்சண்டைக்காரர் பார்த்தால் முகத்தை இப்படித் திறந்து வைத்திருக்கிறார்களே என்று திகைப்பார். முகத்துக்குக் கை வராது என்று தெரிந்தவரின் உடல்மொழி அது.

தாய்லாந்தின் முவாய் தாயில் கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாம் ஆயுதம். நின்றபடியே எதிராளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலால் இடிப்பது அங்கே தனி வித்தை. குத்துச்சண்டையில் நடுவர் ஓடிவந்து பிரித்துவிடும் அதே நெருக்கம். பக்கத்து நாடான மியான்மரின் லெத்வேயில் கையில் துணிச்சுற்று மட்டும்தான். தலையால் முட்டவும் அனுமதி உண்டு. பழைய முறையில் புள்ளிக் கணக்கே இல்லை. ஐந்து சுற்று முடிந்தும் இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமன். புள்ளி இல்லாத ஆட்டத்தில் முன்னிலையைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கி நிற்பது என்ற தந்திரத்துக்கே இடமில்லை. நைஜீரியாவின் ஹவுசா மக்களின் தம்பேயில் ஒரு கையை மட்டும் கயிறு சுற்றி ஈட்டியாக்குகிறார்கள். மறு கை கேடயம். கையோ முழங்காலோ உடம்போ மண்ணில் பட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இந்த மூன்றையும் எளிதாக ‘கிக் பாக்ஸிங்’ என்று ஒரே பெட்டியில் போடுகிறோம். பழகுபவருக்கு இவை மூன்று வேறு உடம்புகள்.

நடுவர் எதைப் பார்க்கிறார்

வீரர்கள் எதிராளிக்காகப் பழகுவதாகச் சொல்வார்கள். பாதியளவு அவர்கள் நடுவருக்காகப் பழகுகிறார்கள்.

1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்கினார். உள்ளூர் வீரர் பார்க் சி-ஹுன் 32. தீர்ப்பு 3-2 என்று பார்க்குக்குப் போனது. அந்த அவமானத்தின் விளைவாக 1992 பார்சிலோனாவில் பொத்தான் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே விநாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. ஊழலைத் தடுக்க வந்த எந்திரம் ஆட்டத்தையே மாற்றியது. அடுக்கடுக்காக விழும் குத்துகளில் நடுவர்களின் விரல் ஒத்துப்போகாது. விலாவில் விழும் குத்து மூன்று பக்கத்திலிருந்தும் தெரியாது. ஆகவே எட்டி நின்று முகத்தில் ஒற்றைக் குத்து விட்டு விலகும் நடை லாபகரமானது. 2013இல் அந்த முறை போனது. 2016 ரியோவில் மறுபடி தீர்ப்புச் சர்ச்சை. 2019இல் சர்வதேச ஒலிம்பிக் குழு குத்துச்சண்டை அமைப்பையே இடைநீக்கம் செய்தது.

டேக்வாண்டோவில் நடுவரின் கண்ணுக்குப் பதில் மின்னணு மார்புக்கவசம் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அது பயன்பட்டது. உதை எப்படி இருந்தது என்று கவசம் பார்க்காது. பட்டதா, போதிய அழுத்தம் இருந்ததா என்று மட்டும் பார்க்கும். முன்காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு வாள் போல் நீட்டித் தொடும் பாணி பெருகியது. சுழன்று உதைக்கும் பழைய அழகு குறைகிறது என்று ரசிகர்கள் புலம்ப, சுழல் உதைக்குக் கூடுதல் புள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. வாள் விளையாட்டிலும் இதே கதை. ஃபாயில் வாளை வளைத்துச் சொடுக்கி எதிராளியின் முதுகைத் தொடும் வித்தை பெருகியபோது, முனை தொட்டிருக்க வேண்டிய நேரத்தைச் சில மில்லி விநாடிகளிலிருந்து சுமார் 15 மில்லி விநாடியாக உயர்த்தினார்கள். அந்தச் சொடுக்கு வெகுவாக அடங்கியது. ஒரு கலையின் பாணியை மாற்ற அவர்களுக்குத் தேவைப்பட்டது எந்திரத்தில் ஒரு சிறு திருத்தம்.

தோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே இறுதியில் இந்த முரண் உச்சத்துக்குப் போனது. 2021 ஆகஸ்ட் 7 அன்று 75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவருடைய உதை ஈரானின் சஜாத் கஞ்ஜாதேயின் தலையில் விழ, அவர் நினைவிழந்து சாய்ந்தார். தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். தொடுகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. அளவு மீறியதாக ஹமேதி தகுதியிழந்தார். கண் விழித்த கஞ்ஜாதே தான் தங்கம் வென்றிருப்பதை அறிந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் கோபமும். விதிப்படி அது பிழையில்லாத தீர்ப்பு.

கெண்டோவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மூங்கில் வாளால் சரியான இடத்தில் அடித்த பிறகும் விழிப்பு நிலை கலையாமல் நிற்க வேண்டும். வென்ற மகிழ்ச்சியில் கையை உயர்த்தினால் கொடுத்த புள்ளியையே பறித்துவிடலாம். தாய்லாந்தின் முவாய் தாய் மைதானங்களில் முதல் இரண்டு சுற்று மந்தமாகப் போவதற்கு வேறு காரணம்: பந்தயம் கட்டுபவர்கள் ஆளை எடைபோடும் நேரம் அது. மூன்றாம், நான்காம் சுற்றில்தான் சண்டை சூடு பிடிக்கும். முன்னிலை உறுதியான பிறகு ஐந்தாம் சுற்றில் இருவருமே அடங்கிவிடுவதும் உண்டு.

விதியில்லாத சண்டை என்ற விளம்பரம்

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் எட்டு வீரர்களோடு யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டி தொடங்கியது. எந்தக் கலை பெரிது என்று ஒரே இரவில் தெரிந்துவிடும் என்பது விளம்பரம். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். பிரேசிலின் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே அமர்ந்ததும் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒல்லியான ராய்ஸ் அன்று மூன்று பேரை வரிசையாக வென்றார். தரையில் சண்டை போடத் தெரியாதவர் எவ்வளவு கையாலாகாதவர் என்பதை உலகம் முதல்முறையாக நேரில் கண்டது.

அந்தப் பாடம் உண்மை. ஆனால் அந்த இரவுக்கும் விதி இருந்தது. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தடை; கிரேக்கர்கள் கி.மு. 648இல் பங்கிராதியம் என்ற சண்டைக்கு விதித்த அதே இரண்டு தடைகள். எடைப் பிரிவு இல்லை. எதிராளிக்குத் தயாராக அவகாசமும் இல்லை. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் ராய்ஸின் அண்ணன் ரோரியன். பொறுமையாகக் காத்திருந்து பூட்டுப்போடும் குடும்பக் கலைக்கு அந்த ஏற்பாடு தோதாக இருந்தது.

விதி மாற மாற வெற்றியாளர்களும் மாறினார்கள். மேலே ஏறி அமர்ந்து தலையால் முட்டி அடிக்கும் மல்லர்கள் சில காலம் ஆண்டார்கள். 1999இல் ஐந்து நிமிடச் சுற்றுகள் வந்தன. 2000களின் தொடக்கத்தில் நியூஜெர்சியில் உருவான பொது விதிகள் தலைமுட்டையும், கீழே கிடப்பவரின் தலையை உதைப்பதையும் விலக்கின. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றானதும் நின்று அடிப்பவர்களுக்கு வாழ்வு வந்தது. 2000 மே 1 அன்று தோக்கியோவில் கிரேசி குடும்பம் கேட்டு வாங்கிய விதிப்படி, நேர வரம்பும் நடுவர் தலையீடும் இல்லாமல், ராய்ஸ் ஜப்பானிய வீரர் கசுஷி சகுராபாவோடு மோதினார். 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, மொத்தம் 90 நிமிடம். உதைகளால் வெந்துபோன காலோடு நிற்க முடியாத ராய்ஸுக்காக அவர் தரப்பு துண்டை எறிந்தது. நேரம் வரம்பில்லாமல் இருந்தால் நமக்கே வெற்றி என்ற குடும்ப நம்பிக்கை அன்று அவர்கள் கேட்ட விதியாலேயே உடைந்தது.

கலப்புச் சண்டை கலைகளை ஒழிக்கவில்லை, வடிகட்டியது. மல்யுத்தத்தின் வீழ்த்தல், ஜியு-ஜிட்சுவின் பூட்டு, முவாய் தாயின் உதை, குத்துச்சண்டையின் கை ஆகியவை எல்லா முகாம்களிலும் இன்று பொதுச் சொத்து. இவை நான்கும் எதிர்க்கும் ஆளோடு முழு வேகத்தில் பழகப்பட்டவை என்பது கவனிக்கத் தக்கது.

போட்டிக்கு வராத கலைகள்

அப்படியானால் போட்டிக்குள் வராதவற்றை ஒதுக்கிவிடலாமா? 2017இல் சீனாவின் செங்டுவில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவோடாங், தாய்ச்சி ஆசான் வேய் லேயைச் சில விநாடிகளில் அடித்துச் சாய்த்த காணொளி பரவியபோது பலரும் அப்படித்தான் பேசினார்கள். தன் சக்தியைப் பற்றிப் பெருமை பேசியவருக்கு அந்த விடை நியாயமானது. முதியவர்கள் தடுமாறி விழாமல் இருக்கத் தாய்ச்சி பழகுவதை அந்தக் காணொளி பொய்யாக்கவில்லை. சண்டையில் ஜெயிப்பதற்காக மட்டும் மனிதர்கள் இந்தக் கலைகளைப் பழகுவதில்லை.

கேரளத்தின் களரிப்பயிற்று இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தரைமட்டத்துக்குக் கீழே, 42 அடிக்கு 21 அடி என்ற அளவில் தோண்டிய குழிக்களரியில் மெய்ப்பயிற்சி, மரக்கோல், இரும்பு ஆயுதம், வெறுங்கை என்று படிப்படியாகக் கற்கிறார்கள். சுருள்வாளான உருமியை எதிராளிமேல் முழு வேகத்தில் பழக வழியே இல்லை. அங்கே பயிற்சி என்பது ஆசானும் சீடனும் ஒத்திசைந்து ஆடும் வரிசை. எண்ணெய் உழிச்சிலும் வர்மச் சிகிச்சையும் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. உடம்பை வளைக்கவும் ஆயுதத்தின் தூரத்தை அறியவும் அது கற்றுத்தருகிறது. தெருச் சண்டைக்கு அது எவ்வளவு உதவும் என்று கேட்டால், எதிர்க்கும் ஆளோடு எவ்வளவு பழகினாரோ அவ்வளவுதான்.

சிலம்பத்தில் இரண்டு முகமும் ஒன்றாக இருக்கின்றன. தனியாகச் சுற்றும் அலங்கார வீச்சில் வேகமும் சுவடும்தான் கணக்கு. நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் கம்பு எதிராளியைத் தொட வேண்டும். சுற்றில் மின்னுபவர் தொடுவதில் தடுமாறுவதும், தொடுவதில் தேர்ந்தவரின் சுற்று எளிமையாக இருப்பதும் சிலம்பக் கூடங்களில் பழகிய காட்சி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெரிய மேடைக்குப் போகும்போது புள்ளிமுறை எப்படி எழுதப்படுகிறதோ, அடுத்த தலைமுறையின் கம்பு அந்தப் பக்கமே சாயும். டேக்வாண்டோவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு அந்த விதியை எழுதுவது நல்லது.

பிரேசிலின் கபோய்ராவை அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கினார்கள். 1890 தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 1930களில் மெஸ்த்ரே பிம்பா பள்ளி வைத்து நடத்தி அதற்கு மதிப்பு தேடித் தந்தார். ஒற்றைத் தந்தி வில் ஒலிக்க வட்டத்துக்குள் ஆடும் இருவரில் யார் ஜெயித்தார் என்று பல நேரம் எவரும் அறிவிப்பதில்லை. வெற்றி தோல்வியே இல்லாத ஏற்பாடும் ஒரு விதிதான். அது ஏமாற்றையும் விளையாட்டுத்தனத்தையும் வளர்த்தது.

இந்தக் கலைகளைப் பற்றிப் பேசும்போது பிறப்புக் கதைகள் குறுக்கே வரும். காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதை ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலரும் வரலாறாகவே நம்புகிறார்கள். அவரைக் கோயில் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. சீன வரலாற்றாய்வாளர் டாங் ஹாவ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை மறுத்துவிட்டார். பெருமைப்பட நமக்குக் கையில் கம்பு இருக்கிறது, கதை தேவையில்லை. 2023 தென்கிழக்காசிய விளையாட்டில் கம்போடியா முவாய் தாய் போன்ற சண்டைக்குக் குன் கெமர் என்று பெயரிட, தாய்லாந்து அந்தப் போட்டியையே புறக்கணித்தது. யார் முதலில் என்ற போட்டியில் எந்த வீரரின் உதையும் கூர்மையானதில்லை.

உடம்பு கொடுக்கும் விலை

ஒப்பீட்டில் கடைசியாக வருவதும் முதலில் வர வேண்டியதும் காயம். குத்துச்சண்டை வீரர்களின் மூளைத் தேய்வை ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே மருத்துவ இதழில் விவரித்தார். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு 14ஆம் சுற்றுவரை நின்ற கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்தார். அதன் பிறகே உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 15 சுற்றை 12 ஆக்கியது. 2013இல் ஒலிம்பிக் பாணிக் குத்துச்சண்டையில் ஆண்களுக்குத் தலைக்கவசத்தை எடுத்துவிட்டார்கள். கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

அடி இல்லாத கலை பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 தொடங்கி முப்பது வருடங்களுக்குள் ஜூடோப் பயிற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டவர்கள் கணிசம். விழக் கற்பதற்கு முன்பே எறியப்பட்டால் அதே ஜூடோ ஆளைக் கொல்லும். எடைப் பிரிவு சிறியவரைக் காக்க வந்த ஏற்பாடு. அதுவே உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுக்கும் பழக்கத்தை உண்டாக்கியது. 2015இல் மணிலாவில் எடை குறைக்கும்போது ஓர் இளம் சீன வீரர் இறந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப்போட்டி நாளில் தகுதியிழந்தார். அவர் இரவு முழுக்கத் தூங்காமல் ஓடியது எந்த எதிராளியையும் வீழ்த்துவதற்காக இல்லை.

எதை வைத்து ஒப்பிடுவது

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும், முப்பது வயதில் தொடங்க நினைப்பவரும் எந்தக் கலை சிறந்தது என்று கேட்பதைவிட, வாசலில் நின்று மூன்று கேள்வி கேட்கலாம். இங்கே எதிர்க்கும் ஆளோடு எப்போதிலிருந்து பழகுகிறார்கள்? எதை எல்லாம் தடை செய்திருக்கிறார்கள், ஏன்? தலையில் அடிபட்டவரை எத்தனை நாள் உட்கார வைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் நடனமோ தியானமோ கிடைக்கலாம், சண்டை கிடைக்காது. இரண்டாவதற்கு, எங்கள் வித்தை கொடியது, அதனால் பழகிக் காட்ட முடியாது என்று பதில் வந்தால் அங்கே கற்பனைதான் கற்பிக்கப்படுகிறது. மூன்றாவதற்குச் சிரித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

பட்டையின் நிறமோ, சுவரில் மாட்டிய குருவின் படமோ, கலையின் வயதோ இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது. எல்லாவற்றையும் அனுமதிக்கும் சண்டை எங்கும் இல்லை. ஒவ்வொரு கலையும் சிலவற்றை விட்டுக்கொடுத்து வேறு சிலவற்றை வாங்கியிருக்கிறது. தான் விட்டுக்கொடுத்தது எது என்று அறிந்த ஆசான் மாணவனிடம் அதை மறைக்க மாட்டார். கலைகளுக்குள் உயர்வு தாழ்வு தேடுவதைவிட, அப்படிப்பட்ட ஆசான் நம் ஊரில் எந்தக் கலையைக் கற்பிக்கிறார் என்று தேடுவது பலன் தரும்.